நம்ம கேலக்ஸிக்கு நடுவில் ஒரு பட்டை: சந்திரசேகரின் இரண்டு பழைய கணக்குகள்

இன்னைக்கு எபிசோடோட தலைப்பு 'பார்'. நீங்க நினைக்கிற பார் இல்ல. கேலக்ஸிக்குள்ள இருக்கிற பார்.

பால்வீதியோட படம்னு ஒண்ணு பள்ளிக்கூடப் புத்தகத்துல பார்த்திருப்பீங்க. நடுவுல உருண்டையா ஒரு வெளிச்சம், அதைச் சுத்தி சுருள் சுருளா கைகள். அந்தப் படம் பழசாகிடுச்சு. நடுவுல இருக்கிறது உருண்டை இல்ல, நீளமான ஒரு பட்டை. மையத்துல இருந்து ரெண்டு பக்கமும் தலா சுமார் 16,000 ஒளியாண்டு நீளம். ஆயிரம் கோடி அளவுல நட்சத்திரங்கள் சேர்ந்து, ஃபேன் இறக்கை மாதிரி மொத்தமா சுத்துது. ஒரு சுத்து முடிக்க சுமார் 16 கோடி வருஷம்.

வானத்துல தட்டையான, சுழலும் கேலக்ஸிகளை எடுத்துக்கிட்டா, அதுல பாதிக்கும் மேல இந்த மாதிரி பட்டை இருக்கு. அகச்சிவப்பு ஒளியில பார்த்தா மூணுல ரெண்டு. அதாவது இது அபூர்வமான ஒண்ணு இல்ல. ஒரு தட்டு கேலக்ஸி பண்ற ரொம்ப சகஜமான காரியம்.

இந்தப் பட்டையைப் புரிஞ்சுக்க உலகம் பயன்படுத்தின ரெண்டு முக்கியமான கணக்குகளைப் போட்டவர், மெரினா கடற்கரைக்கு எதிர்ல இருக்கிற பிரசிடென்சி காலேஜ்ல பி.எஸ்.சி. ஆனர்ஸ் படிச்ச சுப்ரமணியன் சந்திரசேகர். ரெண்டு கணக்கையுமே அவர் பட்டைக்காகப் போடல. நோபல் பரிசுன்னதும் எல்லாரும் சொல்ற அந்த 1.4 சூரிய நிறை எல்லை, எடிங்டனோட சண்டை, அதெல்லாம் இன்னைக்குக் கதையில இல்ல. அது இல்லாமலே அவர் கதை எவ்வளவு தூரம் போகுதுன்னு பார்க்கலாம்.

பெயர் வந்த விதம்

1918-ல் கலிபோர்னியாவில் உள்ள லிக் வானாய்வகத்தில் ஹீபர் கர்ட்டிஸ் என்பவர் சுருள் நெபுலாக்களின் புகைப்படங்களை வகை பிரித்துப் பட்டியல் போட்டார். அப்போ அதெல்லாம் நம்ம கேலக்ஸிக்கு வெளிய இருக்கிற தனி கேலக்ஸிகள்னே உறுதியாகல. சில படங்கள்ல நடுவுல குறுக்கே ஒரு கோடு ஓடுறதை அவர் கவனிச்சார். வட்டத்துக்குள்ள ஒரு கோடு, கிரேக்க எழுத்து 'ஃபை' மாதிரி. அதனால 'ஃபை வகைச் சுருள்கள்'னு பேர் வச்சார். 1926-ல் எட்வின் ஹப்பிள் தன்னோட வகைப்பாட்டில் இவற்றைத் தனிக் கிளையாகவே பிரித்து, 'பார்' என்ற சொல்லை நிலைக்க வைத்தார்.

இங்கிலீஷ்ல 'பார்'னா குறுக்கே கிடக்கிற சட்டம். ஆறோ ஏரியோ கடலைச் சேர்ற வாயில குறுக்கே சேர்ற மணல் திட்டுக்கும் அதே பேர்தான். சென்னை சென்ட்ரல்ல இருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல்ல ஏறி மீஞ்சூர் தாண்டினா அனுப்பம்பட்டு, அடுத்தது பொன்னேரி. அங்க இருந்து ரோடு வழியா பழவேற்காடு. அந்த ஏரியை நம்பி இருக்கிற மீனவ கிராமங்கள்ல யாரைக் கேட்டாலும் முகத்துவாரம் பத்திச் சொல்லுவாங்க. ஏரியும் கடலும் சந்திக்கிற வாயில மணல் சேர்ந்து அடைச்சுக்கும். அடைச்சா கடல் தண்ணி உள்ள வராது, அதோட வர்ற மீனும் இறாலும் வராது, படகு வெளிய போக முடியாது. தோண்டித் திறந்துவிட்டாலும் திரும்ப அடைக்கும்.

இதுல ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கோங்க. அந்தத் திட்டுல இருக்கிற மணல் நகர்ந்துக்கிட்டே இருக்கு. அலை கொண்டு வருது, அலை கொண்டு போகுது. ஆனா திட்டுன்னு ஒரு வடிவம் மட்டும் அங்கேயே நிக்குது. கேலக்ஸி பட்டையும் ஒரு கட்டிப் பொருள் இல்ல. உள்ள இருக்கிற ஒவ்வொரு நட்சத்திரமும் தனித்தனியா ஓடிக்கிட்டு இருக்கு. வித்தியாசம் என்னன்னா, மணல் மாதிரி வந்துட்டுப் போறது கம்மி. பெரும்பாலான நட்சத்திரங்கள் பட்டைக்குள்ளேயே மாட்டிக்கிட்டு, அதோட நீளவாக்குல நீண்ட பாதைகள்ல போய்ப் போய் வருது. அந்தப் பாதைகளோட கூட்டம்தான் பட்டை.

வட்டம் ஏன் நீளுது?

ஒரு தட்டு. அதுல கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் மையத்தைச் சுத்துது. ஏதோ ஒரு நாள் அது பட்டையா மாறுது. ஏன்?

எந்த நட்சத்திரமும் கச்சிதமான வட்டத்துல போறதில்ல. சுத்திக்கிட்டே கொஞ்சம் உள்ள வரும், கொஞ்சம் வெளிய போகும். மேல இருந்து அந்தப் பாதையை வரைஞ்சா பூ இதழ் மாதிரி வரும். இப்போ நீங்க மெதுவா சுத்துற ஒரு ராட்டினத்துல உக்காந்து அதைப் பார்க்கிறதா நினைச்சுக்கோங்க. ராட்டினத்தோட வேகம் சரியா அமைஞ்சா, அந்தப் பூ இதழ் ஒரு நீள்வட்டமாத் தெரியும். அதாவது ஒவ்வொரு நட்சத்திரத்தோட பாதையும் மெதுவாத் திரும்பிக்கிட்டு இருக்கிற ஒரு நீள்வட்டம்.

கேலக்ஸியோட உள்பகுதியில இந்த நீள்வட்டங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வேகத்துல திரும்புது. அப்போ தற்செயலா நாலு நீள்வட்டம் ஒரே திசையில நீட்டிக்கிட்டு நின்னா, அந்தத் திசையில ஈர்ப்பு கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதல் ஈர்ப்பு அஞ்சாவது நீள்வட்டத்தையும் தன் பக்கம் திருப்பும். அஞ்சு பத்தாகும், பத்து நூறாகும். ஃபீட்பேக் லூப். இந்த விளக்கத்தை 1979-ல் டொனால்ட் லிண்டன்-பெல் தெளிவாக எழுதினார்.

ஆனா விளக்கம் வர்றதுக்கு முன்னாடியே விஷயம் கணினியில தெரிஞ்சுபோச்சு. 1970-ல் மில்லர், பிரெண்டர்காஸ்ட், குவிர்க் ஆகிய மூவரும், 1971-ல் நாசாவின் லாங்லி மையத்தில் ஃபிராங்க் ஹோலும் தட்டு கேலக்ஸிகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். ஹோல் பயன்படுத்தியது 1,00,000 நட்சத்திரங்கள். 1971-க்கு அது ராட்சத எண்ணிக்கை. தட்டா ஆரம்பிச்ச சிமுலேஷன், சில சுத்துலேயே பட்டையா முடிஞ்சது.

கோட் எழுதுற யாருக்கும் முதல்ல வர்ற சந்தேகம்: இது பக்கா? ஆனா வேற வேற ஆளுங்க எழுதின வேற வேற கோட், அதே பதிலைச் சொல்லுது. அப்போ பக் கோட்ல இல்ல, நம்ம புரிதல்ல இருக்கு. தட்டு கேலக்ஸி இவ்வளவு சுலபமா உடைஞ்சு பட்டையாகும்னா, பட்டையே இல்லாத கேலக்ஸிகள் எப்படி உயிரோட இருக்கு?

முதல் கணக்கு: சுழலும் திரவம்

சந்திரசேகருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு துறைக்குள்ள போவார், சில வருஷம் மூழ்குவார், கடைசியில ஒரு பெரிய புத்தகம் எழுதிட்டு அடுத்த துறைக்குப் போயிடுவார். 1960-களில் அவர் கையில் எடுத்தது இருநூறு வருஷத்துக்கும் மேல் பழமையான ஒரு கேள்வி. தன்னோட ஈர்ப்பாலேயே சேர்ந்து நிற்கிற ஒரு திரவ உருண்டையைச் சுழற்றினா, அது என்ன வடிவம் எடுக்கும்?

நியூட்டன் ஆரம்பித்த கேள்வி. 1742-ல் மெக்லாரின் ஒரு விடை சொன்னார்: மேலயும் கீழயும் அமுங்கின, வட்டமான இட்லி வடிவம். 1834-ல் யாகோபி எல்லாரும் அதிர்ற மாதிரி இன்னொரு விடை சொன்னார். வேகமாச் சுழலும்போது வட்டமாவே இருக்கணும்னு கட்டாயம் இல்ல, கொழுக்கட்டை மாதிரி நீளமாவும் நிலைச்சு நிற்கலாம். பாங்கரே, ரீமான்னு பெரிய தலைகள் எல்லாம் இதுல கை வச்சிருக்காங்க. ஆனா அங்கங்க ஓட்டைகள் இருந்தது. சந்திரசேகர், நார்மன் லெபோவிட்ஸுடன் சேர்ந்து, முழுக் கணக்கையும் முதல்ல இருந்து ஒழுங்குபடுத்தினார். 1969-ல் அது புத்தகமாக வந்தது.

அந்தக் கணக்கோட சாரத்தை ஒரு எண்ணுல சொல்லலாம். சுழற்சியில இருக்கிற ஆற்றலை, ஈர்ப்பு ஆற்றலோட அளவால வகுத்துக்கோங்க. சுழற்சியே இல்லைன்னா 0. எல்லா இயக்கமும் சுழற்சிதான்னா அதிகபட்சம் 0.5. இட்லியோட இந்த எண் 0.1375-ஐத் தாண்டும்போது, நீளமான வடிவம்னு ஒரு மாற்றுப் பாதை திறக்குது. திரவத்துக்குள்ள கொஞ்சம் உராய்வு இருந்தா, அது மெதுவா அந்தப் பக்கம் சரியும். 0.274-ஐத் தாண்டினா உராய்வுகூட வேண்டாம், உடனே உடையும்.

திரவ உருண்டையைப் பத்தின இந்தக் கணக்கு கேலக்ஸிக்கு எப்படி வந்தது? ஒரு மாணவர் மூலமா. ஜெரமையா ஆஸ்ட்ரிக்கர் சிகாகோவில் சந்திரசேகரிடம் பிஎச்டி செய்து 1964-ல் முடித்தார். பிறகு பிரின்ஸ்டன் போய், வேகமாகச் சுழலும் நட்சத்திரங்கள் எப்போ நிலைகுலையும்னு ஆராய்ச்சி பண்ணார். தட்டையாக ஆக ஆக ஆபத்துன்னு அவருக்கு நல்லாத் தெரியும். அந்தக் கண்ணோட அவர் பால்வீதியைப் பார்த்தார். நட்சத்திரத்தைவிடப் பல மடங்கு தட்டை. கிட்டத்தட்ட முழு இயக்கமும் சுழற்சி. அந்த எண் 0.5-க்குப் பக்கத்துல இருக்கணும். குருவோட கணக்குப்படி இது எப்பவோ உடைஞ்சிருக்கணுமே?

1973: ஒரு தைரியமான முடிவு

ஆஸ்ட்ரிக்கர் பக்கத்துல இருந்த ஜேம்ஸ் பீபிள்ஸைச் சேர்த்துக்கிட்டார். கணினியில துகள்களை ஓட விட்டு ஈர்ப்பைக் கணக்கிடுற வேலையில அவர் ஏற்கனவே பழகினவர். பல வருஷம் கழிச்சு, 2019-ல், நோபல் பரிசு வாங்கின அதே பீபிள்ஸ்.

அவங்க சிமுலேஷன்ல இருந்தது 150-ல் இருந்து 500 துகள்கள் வரை. 1,00,000 இல்ல, வெறும் 500. 300 துகள்னு வச்சுக்கிட்டாலும் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் 44,850 ஜோடிகளோட ஈர்ப்பைக் கணக்குப் போடணும். இன்னைக்கு உங்க போன் இதை மூச்சு வாங்காமப் பண்ணும். அன்னைக்கு அது பெரிய வேலை.

முடிவு ரெண்டு வரிதான். தட்டு தனியா இருந்தா அது பட்டையாகுது. அந்த எண் சுமார் 0.14-க்குக் கீழ இருந்தாத்தான் தப்பிக்குது. சந்திரசேகரோட திரவத்துல நீள வடிவம் திறக்கிற 0.1375-க்குப் பக்கத்துலேயே வந்து நிக்குது. ரெண்டும் ஒரே இயற்பியல் இல்ல. அங்க உராய்வு வேணும், இங்க வேண்டாம். இருந்தாலும் அந்த எண் ஒரு நல்ல எச்சரிக்கை மணியா இருந்தது.

அப்போ பால்வீதி எப்படித் தப்பிச்சது? அவங்க சொன்ன பதில்: தட்டைச் சுத்தி, கண்ணுக்குத் தெரியாத, உருண்டையான, கனமான ஒரு போர்வை இருக்கணும். அதோட ஈர்ப்பு மொத்த ஈர்ப்பைக் கூட்டும், ஆனா சுழற்சியைக் கூட்டாது. அதனால அந்த எண் குறையும். இன்னைக்கு நாம 'டார்க் மேட்டர் ஹேலோ'ன்னு சொல்றோமே, தமிழ்ல கரும்பொருள், அதுக்கான தொடக்ககால வலுவான வாதங்கள்ல இது ஒண்ணு. வீரா ரூபின் போன்றவர்கள் கேலக்ஸிகளின் வெளிப்பகுதி எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுழல்வதைப் பல கேலக்ஸிகளில் அளந்து காட்டி, எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் எல்லாரையும் நம்ப வைத்தார்கள். இந்த வாதம் அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்தது.

கதை இங்க முடிஞ்சிருந்தா பாடப்புத்தகத்துக்குச் சரியா இருக்கும். ஆனா இதுக்கப்புறம் ரெண்டு இடி விழுந்தது.

முதல் இடி: பால்வீதியில பட்டை இருக்கு

'பால்வீதியில பட்டை இல்ல, அதனால ஹேலோ வேணும்.' 1973-ல் வாதத்தோட அடித்தளமே இதுதான். ஆனா பட்டை இல்லைன்னு யார் பார்த்தாங்க?

1964-லேயே ஜெரார்ட் டி வாக்குலர்ஸ், நடுப்பகுதியில் வாயு ஓடும் விதம் வட்டப் பாதைக்கு ஒத்துவரவில்லை, நம்முடையது பட்டை கேலக்ஸிதான் என்று சொல்லியிருந்தார். பெரிசா யாரும் கண்டுக்கல. பார்த்து உறுதி பண்றதும் கஷ்டம். நாம தட்டுக்குள்ளேயே உக்காந்திருக்கோம். நடுவுல தூசி. போகிப் பண்டிகை அன்னைக்கு விடிகாலையில மொட்டை மாடியில நின்னா எதிர் வீடு எப்படித் தெரியும்? அந்த நிலைமைதான்.

அகச்சிவப்பு ஒளி அந்தப் புகையை ஊடுருவும். 1991-ல் லியோ பிளிட்ஸும் டேவிட் ஸ்பெர்கலும், ஜப்பானியர்கள் பலூனில் கருவி ஏற்றி எடுத்திருந்த பழைய அகச்சிவப்புத் தரவைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். மையத்துக்கு ஒரு பக்கம் வெளிச்சம் பெரிசா, இன்னொரு பக்கம் சிறிசா இருந்தது. நீளமான ஒரு பொருளோட ஒரு முனை நம்மை நோக்கியும் மறுமுனை விலகியும் இருந்தா இப்படித்தான் தெரியும். கிட்ட இருக்கிற முனை பெரிசாத் தெரியும். அதே வருஷம் ஜேம்ஸ் பின்னியும் உடன் இருந்தவர்களும் வாயுவின் ஓட்டத்தை வைத்து அதே முடிவுக்கு வந்தார்கள். அப்புறம் கோபே செயற்கைக்கோள், ஸ்பிட்சர் தொலைநோக்கின்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு உறுதி பண்ணுச்சு. பட்டை, நம்மையும் மையத்தையும் இணைக்கிற கோட்டுக்குக் கிட்டத்தட்ட 30 டிகிரி சாய்வுல கிடக்கு.

ஸோ, 'பட்டை இல்லாத பால்வீதியை எப்படிக் காப்பாத்துறது?'ங்கிற கேள்வியே தப்பான உதாரணத்தை வச்சுக் கேட்டது. பட்டை இல்லாத மத்த கேலக்ஸிகளுக்கு அந்தக் கேள்வி இன்னும் பொருந்தும். ஆனா நம்ம வீட்டுக்கு இல்ல.

ரெண்டாவது இடியும் ரெண்டாவது கணக்கும்

1973 சிமுலேஷன்ல ஹேலோ ஒரு அசையாத பின்னணி. ஈர்ப்பு மட்டும் கொடுக்கும், தான் நகராது. கணினி வசதி அவ்வளவுதான். ஆனா உண்மையான ஹேலோவும் துகள்களால ஆனது. அது பதிலுக்கு அசையும். அசைஞ்சா என்ன ஆகும்?

இதுக்கான கணித விதை 1943-லேயே இருக்கு, சந்திரசேகரோட மேசையில. அப்போ அவர் வேலை பார்த்தது யெர்க்ஸ் வானாய்வகத்தில். கேட்ட கேள்வி: ஒரு நட்சத்திரக் கொத்து எவ்வளவு காலம் கலையாம இருக்கும்? அதுக்காக, நட்சத்திரக் கூட்டத்துக்கு நடுவுல ஓடுற ஒரு நட்சத்திரத்துக்கு என்ன நடக்கும்னு கணக்குப் போட்டார்.

ஒரு சினிமா ஸ்டார் கோயம்பேடு பஸ் ஸ்டாண்டுல இறங்கி வேகமா நடக்கிறார்னு வச்சுக்கோங்க. அவர் தாண்டிப் போன இடத்துல இருந்த ஜனங்க எல்லாம் அவர் பக்கம் திரும்பி பின்னாடி குவியுறாங்க. கூட்டம் முன்னாடியைவிடப் பின்னாடி அதிகம். அந்தக் கூட்டம் சட்டையைப் பிடிச்சுப் பின்னால இழுக்குது. ஸ்டார் வேகம் குறையுது. நட்சத்திரமும் அப்படித்தான். அதோட ஈர்ப்பு மத்தவங்களை வளைக்குது, வளைஞ்சவங்க பின்னால சேருறாங்க, அந்தச் சேர்க்கையோட ஈர்ப்பு பிரேக் போடுது. யாரும் யாரையும் தொடல. ஆனா உராய்வு இருக்கு. இதுக்குப் பேர் இயக்க உராய்வு. பொருள் கனமா இருந்தா பிரேக்கும் பலமா விழும்.

1984-ல் ஸ்காட் ட்ரெமெய்னும் மார்ட்டின் வெயின்பர்கும் இந்தக் கருத்தைச் சுழலும் பட்டைக்குப் பொருந்தும்படி விரித்தார்கள். பட்டை ஒற்றைப் புள்ளி இல்ல, சீராச் சுத்துற ஒரு வடிவம். அதனால ஹேலோல எல்லாத் துகளும் சமமாப் பாதிக்கப்படாது. ஊஞ்சலைச் சரியான நேரத்துல தள்ளினா மட்டும் ஏறுற மாதிரி, பட்டையோட தாளத்துக்கு ஒத்துப்போற துகள்கள்தான் அதுகிட்ட இருந்து சுழற்சியைப் பிடுங்கும். அடர்த்தியான ஹேலோ இருந்தா, பட்டை சீக்கிரமே வேகம் இழக்கும்.

2002-ல் லியா அதனசூலா அசையும் ஹேலோவை வைத்து சிமுலேஷன் ஓட்டினார். கிடைச்சது யாரும் எதிர்பார்த்த பதில் இல்ல. ஹேலோ கனமா இருந்தா பட்டை உருவாகக் கொஞ்சம் தாமதம் ஆகும், சரி. ஆனா உருவானதுக்கு அப்புறம், ஹேலோ சுழற்சியை உறிஞ்ச உறிஞ்ச, பட்டை இன்னும் நீளமா, இன்னும் வலுவா வளருது. பட்டையைத் தடுக்கத்தான் ஹேலோ வேணும்னு 1973-ல் சொன்னாங்க. அதே ஹேலோதான் பட்டைக்குத் தீனி போடுது.

ரெண்டு இடியையும் சேர்த்துப் பாருங்க. வாதத்தோட உதாரணம் தப்பு. வாதத்தோட வழிமுறை பாதி தப்பு. ஆனா 'கண்ணுக்குத் தெரியாத கனமான ஒண்ணு சுத்தி இருக்கு'ங்கிற முடிவு, வேற வேற வழிகள்ல வந்த சான்றுகளால நிக்குது. இந்தக் கதையில எனக்குப் பிடிச்ச விஷயம் இதுதான். டெஸ்ட் பாஸ் ஆகிடுச்சுன்னா லாஜிக் சரின்னு நினைக்கிறது நம்ம தொழில்ல எவ்வளவு பெரிய தப்புன்னு நமக்குத் தெரியும். வானியல்ல அந்தத் தப்பைச் சரி பண்ணது, முடிவை ஏத்துக்கிட்ட பிறகும் உள்ள இருக்கிற ஒவ்வொரு படியையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தவங்கதான். 1973 கட்டுரையை இன்னைக்கும் மதிப்போடதான் குறிப்பிடுறாங்க. அதோட ஒவ்வொரு வரியும் சரின்னு யாரும் சொல்றதில்ல.

பிரேக் விழுதா, இல்லையா?

இயக்க உராய்வு உண்மைன்னா, பட்டைகள் மெதுவாகிக்கிட்டே வரணும். அளக்க முடியுமா?

வெளியில இருக்கிற கேலக்ஸிகளுக்கு, பட்டையோட வேகத்தைக் கண்டுபிடிக்க அதே ட்ரெமெய்ன், வெயின்பர்க் அதே 1984-ல் இன்னொரு கட்டுரையில் வழி சொன்னார்கள். என்ஜிசி 936 தொடங்கி எத்தனையோ கேலக்ஸிகளை இந்த முறையில அளந்திருக்காங்க. பெரும்பாலானவை 'வேகமான' பட்டைகள். அதாவது பட்டை, தன் சுழற்சிக்கு ஏத்த அதிகபட்ச நீளத்துக்குப் பக்கத்துல இருக்கு. பிரேக் பலமா விழுந்த மாதிரி தெரியல.

இங்கதான் சர்ச்சை. 1998-ல் விக்டர் டெபாட்டிஸ்டாவும் ஜெர்ரி செல்வுட்டும் சொன்னது: பட்டை இன்னும் வேகமா இருக்குன்னா, கேலக்ஸியோட உள்பகுதியில கரும்பொருள் அவ்வளவு அடர்த்தியா இல்ல, அங்க நட்சத்திரங்கள்தான் ஆட்சி. 2021-ல் மஹ்மூத் ரோஷன் தலைமையிலான குழு, பிரபஞ்சத்தையே சிமுலேட் பண்ற பெரிய மாதிரிகள்ல பட்டைகள் ரொம்ப மெதுவா இருக்கு, இது கரும்பொருள் கோட்பாட்டுக்கே சிக்கல்னு வாதிட்டது. அதே வருஷம் பிரான்செஸ்கா ஃபிராக்கூடி தலைமையிலான குழு, இன்னொரு சிமுலேஷன் தொகுப்புல நட்சத்திரத் தட்டுக்குப் போதுமான எடை இருந்தா பட்டை வேகமாவே இருக்கு, சிக்கல் இல்லைன்னு பதில் சொன்னது. இந்தச் சண்டை இன்னும் ஓயல. பணயம் சின்னதில்ல. கரும்பொருள் எங்க, எவ்வளவு இருக்குங்கிற கேள்வியோட பதில் இந்தப் பட்டைகளோட வேகத்துல இருக்கு.

நம்ம பால்வீதிக்கு என்ன பதில்? 2021-ல் ரிம்பெய் சிபா, ரால்ஃப் ஷோன்ரிச் ஆகியோர், கையா விண்கலம் அளந்த நட்சத்திரங்களில் ஒரு குறிப்பிட்ட கூட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். சூரியனுக்குப் பக்கத்துல கொஞ்சம் வினோதமா நகர்ற கூட்டம் அது, ஹெர்குலஸ் ஓடைன்னு பேர். இவை பட்டையோட தாளத்துல மாட்டிக்கிட்ட நட்சத்திரங்கள். பட்டை மெதுவாக மெதுவாக, அந்தத் தாளம் பொருந்துற இடம் வெளிப்பக்கமா நகரும். நகரும்போது புதுசு புதுசா நட்சத்திரங்களை மேல்மேல அடுக்காச் சேர்த்துக்கிட்டு வரும், மரத்துல வருஷத்துக்கு ஒரு வளையம் சேர்ற மாதிரி. உள் அடுக்குல இருக்கிற நட்சத்திரங்களோட வேதியியல், கேலக்ஸியோட உள்பகுதியில பிறந்ததைக் காட்டுச்சு. அடுக்குகளை எண்ணிப் பார்த்து அவங்க சொன்னது: உருவானதுல இருந்து நம்ம பட்டையோட வேகம் சுமார் கால்வாசி குறைஞ்சிருக்கு.

1943-ல் நட்சத்திரக் கொத்துக்காகப் போட்ட கணக்கு, 2021-ல் கரும்பொருளோட இழுவையா வந்து நிக்குது. சந்திரசேகர் 1995-ல் காலமானார். 

இப்போ எங்க நிக்குது?

2023-ல், யூச்சென் குவோ தலைமையிலான குழு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களில் 1,100 கோடி வருஷத்துக்கு முந்தைய கேலக்ஸிகளிலேயே பட்டை இருப்பதைக் காட்டியது. பிரபஞ்சத்தோட வயசு 1,380 கோடி. அவ்வளவு இளசுல பட்டை இருக்கும்னு அதுக்கு முன்னாடி பலரும் எதிர்பார்க்கல.

நம்ம ஊர்ப் பக்கமும் வேலை நடக்குது. புனேல இருக்கிற ஐயூக்காவைச் சேர்ந்த கனக் சாஹா, 2013-ல் தோர்ஸ்டன் நாப் உடன் சேர்ந்து, ஹேலோவே அதே திசையில் சுழன்றால் பட்டை இன்னும் சுலபமாகப் பிறக்கும் என்று காட்டினார். பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தில் சந்தீப் குமார் கட்டாரியா, மௌசுமி தாஸ் ஆகியோர் 2018-ல், மையத்தில் கனமான உருண்டை இருந்தால் பட்டை உருவாவதே தடைபடும் என்று சிமுலேஷனில் காட்டினார்கள். இந்த நிறுவனத்தோட வேர் எங்கன்னு பார்த்தா, 1792-ல் நுங்கம்பாக்கத்துல கட்டின மெட்ராஸ் வானாய்வகம். அங்க இருந்து 1899-ல் கொடைக்கானல், அப்புறம் காவலூர், பெங்களூரு.

கடைசியா, இதை நீங்களே பார்க்கலாம். பட்டையோட வடிவம் வெறும் கண்ணுக்குத் தெரியாது, தூசி மறைக்கும். ஆனா அது கிடக்கிற திசை தெரியும். ஆடி மாசம், அமாவாசையை ஒட்டி, ராத்திரி ஒன்பது பத்து மணிக்குத் தெற்கே பாருங்க. விருச்சிகத்தோட வால்ல மூலம், அதுக்குக் கிழக்கே தனுசுல பூராடம். ரெண்டுக்கும் நடுவுலதான் கேலக்ஸியோட மையம். சிகாகோவுல இருந்து பார்த்தா அது தொடுவானத்துக்கு மேல 20 டிகிரிகூட ஏறாது. அனுப்பம்பட்டு, பழவேற்காடு பக்கம் இருந்து பார்த்தா உச்சத்துல கிட்டத்தட்ட 48 டிகிரி. உலகத்துல நல்ல இடத்துல இருக்கோம்.

ஒரே சிக்கல், பழவேற்காட்டுக்குத் தெற்கேதான் காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களும் அனல் மின் நிலையங்களும், அதுக்கும் பின்னாடி சென்னையும். தெற்கு வானத்தோட அடிப்பகுதி முழுக்க மஞ்சள் வெளிச்சம். மையம் அதுக்கு மேல ஏறிடும்ங்கிறதால இன்னும் தப்பிக்குது. மழை இல்லாத ராத்திரியா, நிலா இல்லாத ராத்திரியாப் பார்த்துப் போங்க, கண்ணு இருட்டுக்குப் பழக ஒரு இருபது நிமிஷம் கொடுங்க, போனை உள்ள வைங்க. மங்கலா ஒரு வெள்ளைப் புகை மாதிரி தெரிஞ்சா, அதுக்குப் பின்னாடி அந்தப் பட்டை சுத்திக்கிட்டு இருக்கு, முன்னைவிடக் கொஞ்சம் மெதுவா.

அடுத்த எபிசோட்ல, அதே நுங்கம்பாக்கம் வானாய்வகத்தோட கதையைப் பேசலாம்.